சிவப்பு விளக்கு எரிந்தால்... முதலில் கையைக் கட்டுங்கள்!

வீட்டு சர்வரில் பூல் உடைவது ஏன், ஷேர் திறக்காமல் போவது ஏன், போனதை மீட்பது எப்படி? டெல்லி தரும் பாடங்கள்

2022 நவம்பர் 23, புதன்கிழமை காலை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் வழக்கம்போல நீண்ட வரிசை. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ராத்திரி ரயில் பிடித்து வந்தவர்கள் பழைய சீட்டோடு காத்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டரோ யாருடைய பதிவையும் எடுத்துத் தர மறுக்கிறது. சற்று நேரத்தில் மருத்துவமனை முழுக்கப் பேனாவுக்கும் பேப்பருக்கும் மாறியது. புதுப் பதிவு, வார்டு அனுமதி, டிஸ்சார்ஜ், ரத்தப் பரிசோதனை முடிவு, பில் என எல்லாமே கையெழுத்தில் நடந்தன. நாட்டின் முதன்மையான மருத்துவமனையின் இ-ஹாஸ்பிட்டல் சர்வர்களை யாரோ பூட்டிவிட்டார்கள்.

பின்னர் அரசு நாடாளுமன்றத்தில் தந்த பதில்களில் விவரம் வெளிவந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. மருத்துவமனையின் நெட்வொர்க் சரிவரப் பிரிக்கப்படாமல் இருந்ததுதான் தாக்கியவர்களுக்கு வழிவிட்டது. பெரும்பாலான சேவைகள் திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் தனியாக இருந்தது, அதிலிருந்து புது சர்வர்களுக்கு எல்லாவற்றையும் ஏற்றினார்கள்.

1.3 டெராபைட் என்பது இன்று பெரிய அளவே இல்லை. நேரு பிளேஸில் வாங்கும் சின்ன ஹார்ட் டிஸ்க்கிலேயே அடங்கிவிடும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டு சர்வரில் அதைவிட அதிகம் இருக்கக்கூடும். அந்த வீட்டு சர்வருக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

வீட்டுக்குள் வந்த சர்வர்

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ம் தேதியோடு வரம்பில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. மெயில், படம், வீடியோ எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம் என்றானதும், மாதாமாதம் சந்தா கட்டுவதா, சொந்தமாகவே ஒரு பெட்டி வாங்கி வைப்பதா என்ற பேச்சு வீடுகளில் எழுந்தது. சிலர் சினாலஜி, க்யூநாப் போன்ற தைவான் நிறுவனங்களின் இரண்டு அடுக்கு, நான்கு அடுக்கு நாஸ் பெட்டிகளை, அதாவது நெட்வொர்க் வழியாகத் திறக்கும் சேமிப்புப் பெட்டிகளை, வாங்கினார்கள். கைவேலை தெரிந்தவர்கள் பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் மென்பொருளைப் போட்டுக்கொண்டார்கள்.

மயூர் விஹார், ஆர்.கே.புரம், துவாரகா பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்பவை எளிதில் ஊகிக்கக்கூடியவைதான். தாத்தா கரோல் பாக்கில் குடியிருந்த காலத்து ஆல்பத்தின் ஸ்கேன், வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ, மகளின் அரங்கேற்றம், ஊரில் இருக்கும் நிலத்தின் பத்திர நகல். எதையும் காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

இந்தப் பெட்டியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பிடமாக்குவது பூல். அதில் ஒரு ஃபோல்டரை வீட்டிலுள்ள லேப்டாப், போன், டி.வி. எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் வழியாகத் திறந்துவிடுவது ஷேர். ஒரு டிஸ்க் போனாலும் தரவு நிற்கும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு முறையை 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ட்ரூநாஸின் அடியில் இருக்கும் இசட்.எஃப்.எஸ்., சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-ல் வெளியிட்டது. விண்டோஸின் ஷேர் மொழியை லினக்ஸ் பேச வழி செய்த சாம்பாவின் முதல் பதிப்பை 1992-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் வெளியிட்டார். பெரிய அலுவலகங்களுக்காகப் பிறந்த இவை இப்போது நம் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் ஓடுகின்றன. அலுவலகத்தில் அவற்றைக் கவனிக்க ஆள் இருந்தார். வீட்டில் நாம்தான் அந்த ஆள்.

வெயிலைவிட மின்சாரம்

2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் திணறும், வோல்டேஜ் ஏறி இறங்கும், மின்சாரம் ஒரு நிமிடம் போய் உடனே திரும்பி வரும். நாஸ் பெட்டிக்கு நீண்ட மின்வெட்டைவிட இந்த ஒரு நிமிட விளையாட்டுதான் கெடுதல். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது, டிஸ்க் மீண்டும் சுழலத் தொடங்கும் முன்பே மறுபடி போகிறது.

‘வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இன்வெர்ட்டரின் பின்புறம் இருக்கும் சின்ன சுவிட்சைப் போய்ப் பாருங்கள். பல மாடல்களில் அதற்கு இரண்டு நிலைகள் உண்டு. ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஏற்ற சாதாரண நிலையில், மெயின் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடக்கூடும். யு.பி.எஸ். நிலையில் அந்த மாற்றம் வேகமாக நடக்கும். நாஸுக்கென்று தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்து, அதன் யு.எஸ்.பி. கேபிளை நாஸில் செருகிவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரி தீரும் முன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். அந்த கேபிள் பல வீடுகளில் யு.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

வெயில் பற்றிய பயம் ஓரளவுக்கு மட்டுமே சரி. கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண வெப்ப வரம்புக்குள் வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. மிக அதிக வெப்பத்தில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில்தான், தாக்கம் தெரிந்தது. அந்த ‘மிக அதிக வெப்பம்’ டெல்லியில் வருவது எப்போது? பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிட்ட பிறகு. ஏ.சி. அணைத்துப் பூட்டிய வீட்டில், மரக் கப்போர்டுக்குள், தூசி அடைத்த ஃபேனோடு பெட்டி தனியாக ஓடும்போது. ஊருக்குக் கிளம்பும் முன் கேஸ் சிலிண்டரை மூடுவதுபோல நாஸையும் முறைப்படி அணைத்துவிட்டுப் போவதில் எந்த நஷ்டமும் இல்லை.

அதே கட்டுரையில் மனதில் நிறுத்த வேண்டிய எண் ஒன்று உண்டு. ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ‘ஒரே ஒரு பிழைதானே’ என்று விடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மறுபக்கமும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்களில் (கீழே பெட்டிச் செய்தி) எந்த எச்சரிக்கையும் தராமலே போயின.

பெட்டிச் செய்தி: டிஸ்க் சொல்லும் நான்கு எண்கள்

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். நாஸின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இதைப் பார்க்கலாம்.

• 5: கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள்.
• 197: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். பூஜ்யத்தைத் தாண்டினால் அன்றே பேக்கப் எடுங்கள்.
• 198: சோதனையில் மீட்க முடியாமல் போன செக்டர்கள்.
• 199: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் பிழை. பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் காரணம். புது டிஸ்க் வாங்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பூல் ‘டிகிரேடட்’: முதல் ஒரு மணி நேரம்

ஒரு நாள் பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது. பச்சை விளக்கு ஆரஞ்சோ சிவப்போ ஆகிறது. திரையில் ‘டிகிரேடட்’ என்ற சொல். அதன் பொருள் என்ன? ஒரு டிஸ்க் வெளியேறிவிட்டது, மற்றவற்றின் துணையில் பூல் இன்னும் ஓடுகிறது, உங்கள் தரவு இன்னும் இருக்கிறது. பூல் ‘ஃபால்டட்’ என்றோ ‘அன்அவெய்லபிள்’ என்றோ காட்டினால்தான் நிலைமை மோசம்.

இந்த இடத்தில்தான் மனிதக் கை விபரீதம் செய்கிறது. நான்கு அடுக்குப் பெட்டியில் எந்த டிஸ்க் போனது என்று ஊகித்து, நல்ல டிஸ்க்கை உருவிவிடுகிறார்கள். ஒரு டிஸ்க் போனால் தாங்கும் பூல், இரண்டாவதும் போனதும் விழுந்துவிடுகிறது. அடுக்கின் வரிசையை நம்பாதீர்கள். திரையில் காட்டும் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள். பெட்டி நன்றாக ஓடும்போதே ஒவ்வொரு அடுக்கின் சீரியல் எண்ணையும் பேப்பரில் எழுதி ஒட்டிவைத்தால் அந்த நாளில் கை நடுங்காது.

இன்னொரு விபரீதம் விண்டோஸ் லேப்டாப்பில் நடக்கிறது. நாஸிலிருந்து கழற்றிய டிஸ்க்கை யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில் செருகியதும், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று ஒரு கட்டம் எழுந்து நிற்கும். நாஸ் டிஸ்க்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாததால்தான் அப்படிக் கேட்கிறது. டிஸ்க் காலியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கட்டத்தில் ‘சரி’ அழுத்தினால், நன்றாக இருந்த தரவை நாமே அழித்ததாகும். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் இதே பதில்தான்: வேண்டாம்.

இசட்.எஃப்.எஸ். வைத்திருப்பவர்கள் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையின் விடையை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எதிரே ரீட், ரைட், செக்சம் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரே டிஸ்க்கில் ரீட் பிழை ஏறினால் அந்த டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் செக்சம் பிழை வந்தால், நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில் கெட்டிருக்காது. பவர் சப்ளை, ரேம், கன்ட்ரோலர் கார்டு, கேபிள் இவற்றைப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் பூலே காணவில்லையா? புது பூல் உருவாக்காதீர்கள். பழைய டிஸ்க்குகளின் மேல் புது பூல் போடுவது அழிப்பதற்குச் சமம். ‘இசட்பூல் இம்போர்ட்’ என்று மட்டும் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியும் பூல்களை அது பட்டியலிடும், எதையும் மாற்றாது. கிடைத்தால் ‘ரீட்ஒன்லி’ முறையில், அதாவது படிக்க மட்டும் என்று, திறந்து முக்கியமானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். மதர்போர்டு மாறினாலும், டிஸ்க்குகளின் வரிசை மாறினாலும் இசட்.எஃப்.எஸ். தன் டிஸ்க்குகளைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

ரீபில்டு: ஆபத்தான இரவு

புது டிஸ்க் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். உண்மையில் ரீபில்டு நேரம்தான் பூலின் மிக நெருக்கடியான நேரம். மீதமுள்ள டிஸ்க்குகளின் தரவு முழுவதும் படிக்கப்படுகிறது. அவையும் பெரும்பாலும் அதே நாளில் அதே கடையில் வாங்கிய, அதே வயதுடையவை. நொடிக்கு 150 எம்.பி. வேகம் கிடைத்தால்கூட 4 டெராபைட் டிஸ்க் நிறைய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒரு நாள் ஆவது சகஜம்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பேக்கப், அப்புறம் ரீபில்டு. பூல் டிகிரேடட் நிலையில் ஓடும்போதே, திரும்பக் கிடைக்காத ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். சினிமாக்களை மறுபடி தேடிக்கொள்ளலாம். அரங்கேற்ற வீடியோவை எங்கே தேடுவது?

புது டிஸ்க்கின் வகையும் முக்கியம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் நாஸ் டிஸ்க்கான ‘ரெட்’ வரிசையில் சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். வகை என்று ஒப்புக்கொண்டது. தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் முறை அது. ஒரே மூச்சில் எழுதும் ரீபில்டு வேலையில் இவ்வகை டிஸ்க்குகள் தவங்கின, சில பூல்கள் அவற்றை வெளியே தள்ளின. அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. அதன் பிறகு அந்நிறுவனம் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகைக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயர் வைத்தது. நேரு பிளேஸ் கவுன்ட்டரில் நிற்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: ‘இது சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா?’ கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டிச் செய்தி: அடிக்கடி குழப்பும் இரண்டு

‘4 டெரா வாங்கினேன், 3.63 என்று காட்டுகிறதே?’ ஏமாற்று இல்லை. டிஸ்க் நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1,024-ன் மடங்கில் எண்ணுகிறது.

‘அழித்தும் இடம் வரவில்லையே?’ பூலின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் பழைய கோப்புகளைப் பிடித்துவைத்திருக்கும். அல்லது ஷேருக்குள் இருக்கும் ரீசைக்கிள் ஃபோல்டரில் அவை கிடக்கும். இரண்டையும் பாருங்கள். இசட்.எஃப்.எஸ். பூல் 80 சதவீதத்தைத் தாண்டும் முன்பே இடத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். முழுக்க நிரம்பினால் வேகம் படுத்துவிடும்.

ஷேர் திறக்கவில்லை!

பூல் நலமாக இருக்கிறது, பெட்டியில் பச்சை விளக்கு. ஆனால் லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவில்லை. ‘நேத்து வரைக்கும் வேலை செஞ்சுதே’ என்ற புலம்பல் இங்கேதான் அதிகம். தரவு பத்திரமாக இருக்கும்போது எழும் சிக்கல் இது, ஆகவே பயம் வேண்டாம்.

டெல்லியில் முதல் சந்தேகம் மின்வெட்டின் மேல். கரன்ட் போய் வந்ததும் ரவுட்டரும் நாஸும் ஒன்றாக எழுகின்றன. ரவுட்டர் நாஸுக்குப் புது ஐ.பி. எண்ணைக் கொடுத்துவிடலாம். லேப்டாப் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் செட்டிங்கில் நாஸுக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

இரண்டாவது சந்தேகம் விண்டோஸ் அப்டேட்டின் மேல். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, புரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ ஷேர்கள் திறக்காது, விண்டோஸின் ஷேர் மொழியான எஸ்.எம்.பி. இணைப்பில் கையொப்பமும் கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் வைத்திருந்த வீடுகளில் திடீரென்று ஃபோல்டர் மறைந்ததற்கு இது ஒரு காரணம். அந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழிகளைத் தேடாதீர்கள். நாஸில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குவதுதான் சரியான தீர்வு. பழைய டி.வி.க்காக எஸ்.எம்.பி. முதல் பதிப்பைத் திறந்துவைக்கவும் வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் உலகைச் சுற்றியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

மூன்றாவது, பர்மிஷன். ‘பாஸ்வேர்டு சரி, ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது’ என்பார்கள். சொசைட்டி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விட்டாலும் ஃபிளாட் கதவுக்குத் தனிச் சாவி வேண்டும் அல்லவா, அதுபோல ஷேருக்கு ஒரு அனுமதி, அதன் அடியில் உள்ள கோப்புகளுக்கு வேறொரு அனுமதி. இரண்டும் இருந்தால்தான் வழி. பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை நிர்வாகி கணக்கில் நகல் எடுத்திருந்தால், அவை நிர்வாகிக்கே சொந்தமாக நிற்கும். அந்த ஃபோல்டரின் உரிமையைக் குடும்பத்துக்கான குழுவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ‘எல்லாருக்கும் எல்லா அனுமதியும்’ என்று திறந்துவிடுவது சோம்பல் வைத்தியம். வீட்டில் ஒரு லேப்டாப்பில் வைரஸ் வந்தாலும் மொத்த பூலும் அதன் கைக்குப் போய்விடும்.

பெட்டிச் செய்தி: ஷேர் திறக்காவிட்டால் இந்த வரிசை

1. நாஸின் நிர்வாகப் பக்கம் பிரவுசரில் திறக்கிறதா? திறக்காவிட்டால் சிக்கல் நெட்வொர்க்கில்.
2. பெயருக்குப் பதில் ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் ஷேர் திறக்கிறதா? திறந்தால் சிக்கல் பெயரைத் தேடுவதில்.
3. வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ திறக்கிறதா? திறந்தால் சிக்கல் உங்கள் லேப்டாப்பில்.
4. வை-ஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.
5. விண்டோஸின் கிரெடன்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு கிடக்கிறதா? நீக்குங்கள். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது.
6. கடைசியில்தான் பர்மிஷனில் கை வையுங்கள்.

காலி ஃபோல்டர்: நிஜமான அபாயம்

ஷேர் திறக்காதது தொல்லை. திறந்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அது அபாயம். லினக்ஸில் பூல் வந்து உட்காருவதற்கென்று ஒரு வெற்று ஃபோல்டர் இருக்கும். ஏதோ காரணத்தால் பூல் ஏறாவிட்டால், ஷேர் அந்த வெற்று ஃபோல்டரையே காட்டும். தரவு அழியவில்லை, பூல் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு இடங்களை ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க் மென்பொருள் இதை அறியாமல் என்ன செய்யும்? ‘இங்கே எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது போலும்’ என்று எடுத்துக்கொண்டு, பேக்கப் பிரதியிலும் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். ஆர்சிங்க் கட்டளையில் ‘டிலீட்’ சேர்த்து ராத்திரி வேலையாக ஓடவிட்டிருப்பவர்களுக்கு இது நேரடி ஆபத்து. சிங்திங் போன்ற மென்பொருள் ஃபோல்டருக்குள் ஓர் அடையாளம் வைத்து, அது காணாவிட்டால் வேலையை நிறுத்திவிடுகிறது. நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட்டிலும் அதே தந்திரம் வேண்டும்: அடையாளக் கோப்பு இருந்தால் மட்டும் ஓடு, இல்லாவிட்டால் நில். காலி ஃபோல்டரைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சிங்க்கை நிறுத்துவது.

வெளியிலிருந்து வரும் கை

ஊருக்குப் போனாலும் வீட்டு சர்வரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுகிறார்கள். அதன் விலையை உலகம் பார்த்துவிட்டது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபுக் லைவ் பெட்டிகள் இணையத்தின் வழியே தொலைவிலிருந்து துடைக்கப்பட்டன. 2015-க்குப் பிறகு அப்டேட் கிடைக்காத பழைய பெட்டிகள் அவை. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ கும்பல் இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது.

போர்ட் திறக்காமலே வெளியிலிருந்து நுழைய டெயில்ஸ்கேல் போன்ற தனி வழிகள் இருக்கின்றன. எய்ம்ஸில் குறையாக இருந்த நெட்வொர்க் பிரிப்பையும் வீட்டில் செய்யலாம். சி.சி.டி.வி. கேமராவையும் விருந்தாளிகளின் போனையும் ரவுட்டரின் கெஸ்ட் வை-ஃபையில் விட்டால், அவற்றிலிருந்து நாஸுக்குப் பாதை இருக்காது. நாஸில் ஸ்னாப்ஷாட்டை இயக்கி வையுங்கள். லேப்டாப்பில் புகுந்த ரான்சம்வேர் ஷேரில் உள்ள கோப்புகளைப் பூட்டினாலும், நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியும்.

ரெய்டு பேக்கப் ஆகாது

டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். தவறுதலாக ஃபோல்டரை அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலும் அழியும். பெட்டி திருடு போனால், தீப்பிடித்தால், எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போகும்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்தது. அதிலிருந்தது 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளி பேக்கப் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை கொடுத்தார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. தேடிப் பார்த்தால், ஏற்பாடு செய்திருந்த ஐந்து பேக்கப் வழிகளும் சரியாக ஓடவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

ஒரு நாட்டு அரசும் ஒரு மென்பொருள் நிறுவனமும் தடுக்கிய இடத்தில் வீட்டுக்காரர் தப்ப, எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்.

அந்த ‘வேறு இடம்’ டெல்லித் தமிழர்களுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதுதான் ஊர். வருடத்துக்கு ஒருமுறையாவது கும்பகோணமோ திருநெல்வேலியோ போகிறோம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி எடுத்துப்போய் அங்கே வைத்துவிட்டு, சென்ற முறை வைத்ததை எடுத்துவந்து புதுப்பிக்கலாம். 2023 ஜூலை 13-ல் யமுனை 208.66 மீட்டர் மட்டத்தைத் தொட்டு டெல்லிக்குள் வந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. இரண்டு வெள்ளமும் ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் நுழையாது.

எல்லாம் போன பிறகு

பேக்கப் இல்லாமல் பூல் விழுந்துவிட்டால், கடைசி வாசல் டேட்டா ரெகவரி கடை. போகும் முன் சில விஷயங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் உள்தட்டு கீறக்கூடும். இலவச மென்பொருளை அதன் மேலேயே ஓட்டாதீர்கள். பழுதானதை மட்டும் எடுத்துப்போகாமல், அடுக்கு எண் எழுதி எல்லா டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். பூலைத் திரும்பக் கட்ட அவை வேண்டும். டிஸ்க்கைத் திறக்க வேண்டிவந்தால் தூசியில்லா அறை இருக்கிறதா, தரவு மீளாவிட்டால் எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. வாரன்டியில் திருப்பி அனுப்பும் டிஸ்க்கோடு உங்கள் ஆதார், பான் நகல்களும் போகின்றன என்பதால், பூல் அமைக்கும்போதே என்கிரிப்ஷன் போட்டுவிடுவது நல்லது. அதன் சாவியை அந்த நாஸுக்குள்ளேயே வைத்தால் பயனில்லை. அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

கவனிக்கப்படாத விளைவு ஒன்று மீதமிருக்கிறது. பெட்டியை அமைத்தவர் வீட்டில் ஒருவர்தான். அவர் வெளிநாடு போனாலோ, படுக்கையில் விழுந்தாலோ, இல்லாமலே போனாலோ, மற்றவர்களுக்கு அது திறக்கத் தெரியாத பெட்டி. டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால் ஃபார்மேட் கேட்கும் கட்டம்தான் வரும். கணவரின் மறைவுக்குப் பின் மனைவியோ, அப்பாவின் படங்களைத் தேடும் மகளோ அந்தக் கட்டத்தில் ‘சரி’ அழுத்தும் நிலையை நாம் உண்டாக்கி வைக்கக் கூடாது.

ஆகவே பிரதிகளில் ஒன்றாவது எளிதாக இருக்கட்டும். பூல், ரெய்டு எதுவும் வேண்டாம். எந்த லேப்டாப்பில் செருகினாலும் திறக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில், ஆண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு, குடும்பப் படங்களும் பத்திர நகல்களும். கூடவே ஒரு பக்கத் தாள்: பெட்டி எங்கே, நிர்வாகி பெயர் என்ன, பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது, பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யலாம். பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம், வீட்டில் இன்னொருவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அவரால் எடுக்க முடிந்தால் உங்கள் வீட்டில் பேக்கப் இருக்கிறது. முடியாவிட்டால், எத்தனை டிஸ்க் ஓடினாலும் இன்னும் இல்லை.